இப்போதைக்கு

2025 செப்டம்பர் 29, திங்கட்கிழமை. அந்தி நேர மஃரிபு தொழுதுவிட்டு வழக்கம்போல ஆறரைக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். காபூலில் அப்போது மணி ஐந்தரை. அவர்கள் நமக்குச் சரியாக ஒரு மணி நேரம் பின்னால். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி மூடப்பட்ட ஆப்கன் பெண்பிள்ளைகள் பதினொரு பேர் வர வேண்டும், ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கேமரா கிடையாது. ஒன்பது கறுப்புக் கட்டம், கட்டத்துக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான் என் வகுப்பு. இரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன், ஒரு முகம்கூடப் பார்த்ததில்லை. நாலைந்து பேரின் குரல் தெரியும். மற்றவர்கள் எழுத்தோடு சரி.

"பெருக்கினால் மைனஸ் ஆறு, கூட்டினால் ஒன்று. என்னென்ன எண்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இருபடிச் சமன்பாடு நடத்துகிற எவரும் ஆயிரம் தடவை கேட்ட கேள்விதான். "ஒரு எண் மூன்று, டீச்சர்" என்று ஒருத்தி எழுதினாள். சரி, இன்னொன்று என்றேன். பதில் இல்லை. இலவச ஜூம் நாற்பது நிமிஷத்தில் அறுத்துவிடும், ஆனால் இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு கட்டமாகக் காணாமல் போயிற்று. நான் செய்த முதல் காரியம், எங்கள் வீட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டது. மறுபடி உள்ளே போனேன். நான் மட்டும்தான் இருந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "புள்ளைங்க சத்தத்தையே காணோம்?"

"நெட் போச்சு உம்மா."

"நம்ம ஊட்லயா?"

"தெரியல."

நம் வீட்டில் இல்லை. ஒரு நாடு முழுக்கப் போயிருந்தது. நாலு கோடிக்கு மேல் ஜனம் உள்ள ஆப்கானிஸ்தானில் இணையம், அதோடு சேர்ந்து பெரும்பாலும் செல்போனும், அன்று சாயங்காலம் நின்றது. மறுநாள் காபூல் விமானங்கள் ரத்து. வங்கி நின்றது. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்துக் கிடந்த வீடுகள் அப்படியே கிடந்தன. இது எனக்குப் புரியும், எங்கள் ஊர் காயல்பட்டினமே ஒரு காலத்தில் கொழும்புப் பணத்திலும் பிறகு வளைகுடாப் பணத்திலும் உலை வைத்த ஊர்.

முன்னறிகுறி இருந்தது. இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 16இல், வடக்கே பல்க் மாகாணத்தில் ஃபைபர் இணைப்பைத் துண்டித்தார்கள். அங்கே ஆளும் தாலிபான்களின் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்சாதாவின் உத்தரவு, ஒழுக்கக்கேட்டைத் தடுப்பதற்காக என்று மாகாணச் செய்தித் தொடர்பாளரே சொன்னார். அப்புறம் ஒவ்வொரு மாகாணமாக. அந்தச் சமயத்தில் என் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் இணைப்பு போனது. மொபைல் டேட்டாவில் வந்தாள், குரல் விட்டு விட்டுக் கேட்டது, ஒரு வாரம் கழித்துக் காசு கட்டுப்படியாகவில்லை என்று எழுதினாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2024இல் இதே அரசுதான் தன் 9,350 கிலோமீட்டர் ஃபைபர் வலைப்பின்னலைக் காட்டி, நாட்டை உலகத்தோடு இணைக்கும், வறுமையிலிருந்து தூக்கிவிடும் என்று பெருமை பேசியது. அந்தக் கம்பியின் பெரும்பகுதி முந்தைய அரசுகள் போட்டது என்பது இருக்கட்டும். ஒரு வருஷத்தில் வறுமை ஒழிக்கும் கம்பி ஒழுக்கம் கெடுக்கும் கம்பியாகிவிட்டது. நாடு முழுக்க நிறுத்தியது ஏன் என்பதற்கோ அவர்கள் வாயால் உருப்படியான காரணம் வரவில்லை. தடையெல்லாம் இல்லை, பழைய கேபிளை மாற்றுகிறோம் என்றொரு விளக்கம் வந்தது. எங்கள் தெருவில் கேபிள் டிவிக்காரர் சொல்கிற அதே பதில்.

48 மணி நேரத்தில், புதன்கிழமை மாலை, திரும்பி வந்தது. காபூலில் ஜனங்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள், இனிப்பும் பலூனும் விற்றன என்று செய்திகளில் படித்தேன். ஏன் திரும்பி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. என் ஊகம் எளிமையானது. பெண்பிள்ளைகள் அழுதால் அரசு நடக்கும், சுங்கமும் வங்கியும் விமானமும் நின்றால் நடக்காது.

இதை எழுத வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. பத்து நாள் கழித்து டெல்லியிலிருந்து வந்த ஒரு வார்த்தைதான் தூங்கவிடாமல் செய்தது.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி இந்தியா வந்தார். பத்தாம் தேதி டெல்லியில் ஆப்கன் தூதரகத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. படத்தைப் பார்த்திருப்பீர்கள், அறை முழுக்க ஆண்கள். பெண் நிருபர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது நம் வெளியுறவு அமைச்சகம். பெண் சகாக்கள் விலக்கப்பட்டது தெரிந்ததும் ஆண் பத்திரிகையாளர்கள் வெளிநடப்புச் செய்திருக்க வேண்டும் என்றார் ப. சிதம்பரம். நான் அவருக்கு எல்லா விஷயத்திலும் தலையாட்டுகிற ஆள் இல்லை, இதில் ஆட்டினேன். கண்டனம் பெரிதாகி, 12ஆம் தேதி இன்னொரு சந்திப்பு வைத்தார்கள், இந்தத் தடவை பெண்களையும் கூப்பிட்டு. முன்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் பெண் கல்வியைப் பற்றிக் கேட்டார்கள்.

அமைச்சர் சொன்ன பதிலின் சாரம் இது: எங்கள் நாட்டில் ஒரு கோடிப் பேர் படிக்கிறார்கள், அதில் 28 லட்சம் பேர் பெண்கள். சில பகுதிகளில் சில கட்டுப்பாடு உண்டு. பெண் கல்வியை மார்க்கப்படி ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்று நாங்கள் அறிவிக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை ஒத்திவைத்திருக்கிறோம்.

செல்போனில் இதை நான் வாசித்துக் காட்டியபோது உம்மா கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். எழுந்து போய் பீரோவிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை விரித்துப் பார்த்து இருபது வருஷம் இருக்கும்.

நீலநிற ஏர்மெயில் கடிதம். 1969, கொழும்பு. எழுதியவர் உம்மாவின் வாப்பா, அங்கே கடை வைத்திருந்தார். அரபுத்தமிழில் எழுதியிருக்கிறார், அதாவது பேச்சு தமிழ், எழுத்து அரபு. எம்.எஸ்சி. படித்த எனக்கு அதைத் தடவித் தடவித்தான் வாசிக்க வரும். ஏழாம் வகுப்பு படித்த உம்மா மளமளவென்று வாசிப்பார்கள். முக்கால் கடிதம் ஊர் விசேஷம், நோன்புக்கு அனுப்பிய பணம், சாமான் கொண்டு வரும் ஆளின் பெயர். கீழே இரண்டு வரி: புள்ளைக்கு வயசு வந்துவிட்டபடியால் இப்போதைக்குப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம். நான் ஊருக்கு வந்ததும் யோசித்துச் செய்யலாம்.

வந்தார், இரண்டு வருஷம் கழித்து. சோப்பும் டார்ச் லைட்டும் சேலைத்துணியும் கொண்டு வந்தார். அதற்குள் உம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசிப்பதற்கு ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

"வேணாம்னு ஒத்தை வார்த்தை எழுதியிருந்தா நான் அழுது தீத்திருப்பேன்" என்றார்கள் உம்மா. "இப்போதைக்குன்னு எழுதிட்டாங்க. ரெண்டு வருஷம் பைய மூட்ட கட்டாமலே வச்சிருந்தேன்."

உம்மாவுக்குக் கடைசியாக நடந்த பாடம் தனிவட்டி. அசல், காலம், வட்டிவீதம், பெருக்கி நூறால் வகு. இன்றும் சொல்வார்கள். "வட்டி ஹராம், அதை மட்டும் முழுசாப் படிச்சிட்டு வந்தேன்" என்பது எங்கள் வீட்டில் ஐம்பது வருஷமாக ஓடும் பகடி.

தாலிபான்களின் 'இப்போதைக்கு' எவ்வளவு பழையது என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. 1996இல் முதல் தடவை காபூலைப் பிடித்தபோதும் பள்ளிகளை மூடியது தற்காலிகம்தான் என்றார்கள், பாதுகாப்பு சரியாகட்டும் என்றார்கள். 2001இல் ஆட்சி போகும்வரை சரியாகவே இல்லை. 2021 ஆகஸ்டில் திரும்பி வந்தார்கள். செப்டம்பரில் ஏழாம் வகுப்பு முதல் ஆண்பிள்ளைகளை மட்டும் வரச் சொன்னார்கள், பெண்பிள்ளைகள் பற்றி மூச்சில்லை. 2022 மார்ச் 23 அன்று திறக்கிறோம் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் சீருடை போட்டு, பை தூக்கி, வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஷரியாவுக்கும் ஆப்கன் பண்பாட்டுக்கும் ஏற்றபடி திட்டம் தயாராகும்வரை என்று காரணம். அதே வருஷம் டிசம்பரில் பல்கலைக்கழகம். அதுவும் மறு உத்தரவு வரும்வரை. 2024 டிசம்பரில் நர்சிங், மருத்துவச்சிப் பயிற்சி.

கடைசியாகச் சொன்னது எவ்வளவு பெரிய விபரீதம் என்பதற்கு 2025ஆம் வருஷமே சாட்சி. ஆகஸ்ட் 31 இரவு கிழக்கே குனார் மாகாணத்தில் பூகம்பம், 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். காயம்பட்ட பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவப் பணியாளர்கள் போதவில்லை, பெண் உதவிப் பணியாளர்கள் மீதுள்ள கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தாலிபான்களைக் கேட்க வேண்டிவந்தது. சில மாகாணங்களில் பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள்தான், பெண் மருத்துவம் படிக்கக் கூடாது என்பதும் அவர்கள்தான். இதற்கு நடுவில் நோயாளி எங்கே போவாள்?

அமைச்சர் சொன்ன 28 லட்சம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புவரை சிறுமிகள் பள்ளிக்குப் போகிறார்கள். அதற்கு மேல்தான் கதவு. உலகத்திலேயே அந்தக் கதவு உள்ள ஒரே நாடு அது. என் மாணவி ஒருத்தியின் தங்கை ஆறாம் வகுப்பை இரண்டாவது தடவை படிக்கிறாள். தோற்கவில்லை. தோற்றதாகப் போட்டுவிடுங்கள் என்று அவளே கேட்டிருக்கிறாள்.

இனி மதம். இந்த இடத்தில் எனக்கு இரண்டு பக்கமும் அடி.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் முத்தகியின் பதிலைப் போட்டேன். துபாயில் இருக்கும் காக்கா (எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன்) ஒருவர், "மேற்கத்திய மீடியா சொல்றத நம்பாதீங்கம்மா" என்றார். இது அமைச்சர் வாயால் சொன்னது காக்கா, என்றேன். "அவங்க நாட்டுச் சூழ்நிலை நமக்குத் தெரியாது" என்றார். அடுத்து ஒரு ஸலாம், ஒரு ரோஜாப்பூ படம். விவாதம் முடிந்தது. இதே காக்காவின் மகள் ஷார்ஜாவில் பல் மருத்துவம் படிக்கிறாள்.

அதே வாரம், என்னோடு கல்லூரியில் படித்த ஒரு தோழி அதே செய்தியை எனக்கு அனுப்பி, "உங்க ரிலிஜன்ல இதெல்லாம் சகஜம்தானேப்பா, நீ தப்பிச்சிட்ட" என்று எழுதியிருந்தாள். அன்போடுதான் எழுதினாள். அதுதான் எரிச்சல். நான் தப்பித்து வந்த மாதிரி அவளுக்குத் தோன்றுகிறது. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா எங்கிருந்து தப்பித்துப் போய் ஞானப்பாட்டு பாடினார்? நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி வாசல் மிதித்ததில்லை, 1938இல் நாவல் வெளியிட்டார். பள்ளிக்கூடம் நின்றதும் எங்கள் வழக்கம்தான், எழுதியதும் எங்கள் பெண்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வாட்ஸப்பில் இடம் பத்தாது.

கல்வி கடமை என்ற ஹதீஸை நான் இங்கே எடுத்துப் போடப்போவதில்லை. எல்லாப் பெண்கள் கல்லூரி ஆண்டு விழாவிலும் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதைவிட, 2022இல் பல்கலைக்கழகத் தடை வந்தபோது எகிப்திலுள்ள பெரிய இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல் தைய்யிப் அது ஷரியாவுக்கே முரண் என்று கண்டித்ததைச் சொல்லலாம். அது வெளியாள் பேச்சு என்பார்கள். சரி, உள்ளாள். 2025 ஜனவரியில் கோஸ்ட் மாகாணத்தில் ஒரு மதரஸா பட்டமளிப்பு விழாவில் தாலிபான்களின் துணை வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் ஸ்டானிக்ஸாய் மேடையிலேயே பேசினார்: நாலு கோடிப் பேரில் இரண்டு கோடிப் பேருக்கு அநீதி செய்கிறோம், இதற்குச் சாக்கே கிடையாது என்ற பொருளில். சில நாளில் அவர் நாட்டை விட்டே வெளியேறிவிட்டார். ஒரு துணை அமைச்சருக்கே இந்தக் கதி.

ஆக, ஹராம் என்று சொல்ல அவர்களிடமே ஆதாரம் இல்லை. ஹராம் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தால் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் எதிர் ஆதாரம் எடுத்து வைப்பார்கள், வாதாட வேண்டியிருக்கும். ஒத்திவைப்புக்கு ஆதாரம் தேவையில்லை, தேதியும் தேவையில்லை. இதைத்தான் உம்மா அந்த ஒற்றை வாக்கியத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது உறைக்க ஒரு பிஸ்கட் டப்பா தேவைப்பட்டது.

என் உம்மாவின் வாப்பாவையும் தாலிபான்களையும் ஒரே தட்டில் வைக்கிறேனா? இல்லை. அவர் ஒரு மனிதர், கடல் தாண்டிக் கடையில் உட்கார்ந்து, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தவர். அவர் கையில் துப்பாக்கி இல்லை. உம்மா அதற்குப் பிறகும் பெண்கள் கூடித் தொழும் தைக்காவுக்குப் போனார்கள், முடுக்குச் சந்து வழியாக அடுத்த வீட்டுக்குப் போய் ராத்தாமாரிடம், அக்காமாரிடம், பத்திரிகை வாங்கிப் படித்தார்கள். என்னைப் படிக்கவைப்பதில் பிடிவாதமாக நின்றார்கள், வாப்பா குறுக்கே வரவில்லை. இன்று எங்கள் ஊரிலேயே பெண்கள் கல்லூரி இருக்கிறது. வழக்கம் என்றால் ஒரு தலைமுறையில் ஒரு பிடிவாதக்காரி அதை நகர்த்தலாம். அரசாணை என்றால் அவளால் என்ன செய்ய முடியும்?

கம்பிக்கு வருகிறேன். என்னைப் போன்றவர்கள் ஆன்லைன் வகுப்பு எடுப்பதை ஏதோ பெரிய புரட்சி மாதிரி சிலர் பேசும்போது கூச்சமாக இருக்கிறது. என் வகுப்புக்குச் சான்றிதழ் கிடையாது. இருபடிச் சமன்பாடு தெரிந்து அந்தப் பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப் போகிறாள்? ஜூமில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியாது. மின்சாரம் இல்லாத வீடு, செல்போன் இல்லாத பெண் இவர்கள் கணக்கிலேயே இல்லை. அவர்களுக்கு இன்னும் ரேடியோதான். 2021 மார்ச் 8இல் தொடங்கிய ரேடியோ பேகம் பெண்களே பெண்களுக்காக நடத்துவது, பள்ளிப் பாடமும் ஒலிபரப்பினார்கள். அதே குழுவினர் பாரிஸிலிருந்து செயற்கைக்கோள் டிவியில் பாடம் நடத்துகிறார்கள். 2025 பிப்ரவரியில் ரேடியோ நிலையத்தில் சோதனை போட்டு நிறுத்தி வைத்தார்கள், பிறகு அனுமதித்தார்கள்.

2024 ஆகஸ்டில் வந்த அவர்களுடைய ஒழுக்கச் சட்டம், வெளியில் கேட்கும் பெண்ணின் குரலையே மறைக்க வேண்டிய ஒன்றாகச் சொல்கிறது. என் வகுப்பில் பாதிப்பேர் எழுதிக் கேட்பது இதனால்தான், ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தால் பேச மாட்டார்கள். அதே சட்டம் உயிருள்ளவற்றின் படத்தையும் தடுக்கிறது. ஆனால் அவர்கள் அமைச்சர் டெல்லிப் பத்திரிகையாளர் சந்திப்பில் உட்கார்ந்திருந்த படமும் மதரஸாவுக்குப் பேர்போன தேவ்பந்தில் கூட்டம் சூழ்ந்த வீடியோவும் என் செல்போனுக்கே வந்து சேர்ந்தன.

இவ்வளவு குறையுள்ள ஒரு வகுப்பு அவர்களை ஏன் உறுத்துகிறது என்று யோசித்தேன். ஒத்திவைப்பு நடக்க வேண்டுமானால் பிள்ளை காத்திருக்க வேண்டும். உம்மா பையை மூட்டை கட்டாமல் இரண்டு வருஷம் காத்திருந்த மாதிரி. 2021இல் பன்னிரண்டு வயசாக இருந்தவளுக்கு 2025இல் பதினாறு. இன்னும் இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் எந்த உத்தரவும் தேவையில்லாமல் காரியம் முடிந்துவிடும். கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பவள் காத்திருக்கவில்லை. மஹ்ரம் எனும் நெருங்கிய ஆண் உறவின் துணையில்லாமல், வாசலைத் தாண்டாமல், அவள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள்.

இணையம் வந்த மறுநாள், அக்டோபர் 2, வியாழன். அது எங்கள் வகுப்பு நாள். ஆறரைக்குத் திறந்தபோது மூன்று கட்டம். ஆறே முக்காலுக்கு ஆறு. ஏழு மணிக்கு எட்டு. யாரும் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு அவர்களை வம்பில் மாட்டிவிடக் கூடாது என்பது ஆன்லைன் வகுப்பு எடுக்கும் எங்கள் குழுவில் முதல் விதி. புதிய பாடம் தொடங்கலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். சாட்டில் ஒரு வரி வந்தது.

"மைனஸ் இரண்டு, டீச்சர்."

ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் புரியவில்லை. அப்புறம்தான் திங்கட்கிழமைக் கணக்கு ஞாபகம் வந்தது. சரி என்று எழுதினேன். அடுத்த கணக்கைப் போட்டேன்.

வகுப்பு முடிந்ததும் உம்மா கேட்டார்கள், "எத்தன புள்ளைங்க வந்துச்சு?"

"எட்டு."

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "பதினொண்ணுல்ல?" என்றார்கள்.